மணலின் பூர்வீகம்: வாசகர் கேள்வி பதில்

பழம்படுகைகளின் மணலும் அதிலுள்ள கனிமங்களின் வயதும் குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில், ஒன்றோடொன்று தொடர்புடைய சிலவற்றை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் ஒரு படுகையில் சேர்ந்து இறுகிய மணற்கல்லின் மணல் எந்த மலையிலிருந்து வந்தது என்று கனிமத்தின் வயதை வைத்துச் சொல்ல முடியுமாமே? அந்த மலையே இன்று இல்லாமல் போயிருந்தால் இது எப்படிச் சாத்தியம்?

பதில்: மலை தேய்ந்து மறைந்தாலும் அதன் துகள்கள் எங்கேனும் ஒரு பள்ளத்தில் தங்கியிருக்கும். பாறை உடைந்து ஆற்றோடு பயணம் செய்யும்போது ஃபெல்ட்ஸ்பார் போன்ற கனிமங்கள் மெல்ல மெல்லக் களிமண்ணாக மாறிவிடுகின்றன. குவார்ட்ஸ் நிலைத்து நிற்கிறது என்றாலும், ஒரு மலையின் குவார்ட்ஸையும் மற்றொரு மலையின் குவார்ட்ஸையும் பிரித்தறிவது கடினம். நிலைத்து நிற்கவும் வேண்டும், தன் பிறப்பைத் தானே சொல்லவும் வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகளையும் நிறைவுசெய்கிற கனிமம் சிர்கான். சிர்கோனியம், சிலிக்கான், ஆக்சிஜன் ஆகியவை சேர்ந்த இந்தப் படிகம், கிரானைட் போன்ற பாறைகள் குழம்பு நிலையிலிருந்து இறுகும்போது மிகச் சிறிய அளவில் உருவாகிறது. அப்போது அது யுரேனியத்தைத் தன்னுள் ஏற்றுக்கொள்கிறது. ஈயத்தையோ ஏறக்குறைய முழுவதுமாக ஒதுக்கிவிடுகிறது. யுரேனியமோ கதிரியக்கத்தால் மாறாத வேகத்தில் மெல்லச் சிதைந்து ஈயமாகிறது. ஆகையால், பிற்காலத்தில் அதனுள் காணப்படும் ஈயம் யுரேனியம் சிதைந்ததால் உண்டானதே என்று கொள்ளலாம். எவ்வளவு யுரேனியம் மிஞ்சியிருக்கிறது, எவ்வளவு ஈயம் சேர்ந்திருக்கிறது என்று அளந்தால், அந்தப் படிகம் எப்போது பிறந்தது என்பது தெரிந்துவிடும்.

இனி, வயதிலிருந்து இடத்துக்கு எப்படிப் போகிறோம் என்பதைப் பார்ப்போம். புவியின் ஒவ்வொரு பகுதியிலும் குறிப்பிட்ட சில காலங்களில்தான் பெருமளவு கிரானைட்டுகள் உருவாகியிருக்கின்றன. இமயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சிறிய இமயத்தின் பாறைகளில் 180 முதல் 190 கோடி ஆண்டு வயதுடைய சிர்கான்கள் மிகுதியாகக் கிடைக்கின்றன. அதற்கு வடக்கே உள்ள பெரிய இமயத்தின் பாறைகளில் 50 முதல் 110 கோடி ஆண்டு வயதுடையவை மேலோங்கி நிற்கின்றன. திபெத்தில் ஓடும் சாங்போ ஆற்றுக்கு வடக்கே, அந்நாளைய ஆசியக் கண்டத்தின் விளிம்பில் இருந்த எரிமலைத் தொடரின் கிரானைட்டுகளிலோ, பெரும்பாலானவை 20 கோடி ஆண்டுகளுக்கு உட்பட்டவை. ஒரு மணற்கல்லிலிருந்து நூறு, இருநூறு சிர்கான்களை எடுத்து அவற்றின் வயதுகளை வரைபடமாக்கினால், எந்தெந்த வயதுகளில் முகடுகள் எழுகின்றன என்று தெரியும். அந்த முகடுகளின் வரிசையை, மூலமாக இருந்திருக்கக்கூடிய பகுதிகளின் வயது வரிசையோடு ஒப்பிடுகிறார்கள். தனியொரு துகளின் வயது அதிகம் எதையும் சொல்வதில்லை. முழுத்தொகுதியின் அமைப்புதான் பேசுகிறது.

இந்த ஒப்பீட்டின் வலிமைக்குத் தென் திபெத்தில் சாங்தான்லின் என்ற இடத்திலுள்ள பாறையடுக்குகளைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன். அங்கே அடியிலுள்ள மணற்கற்களில் இந்தியக் கண்டத்துக்குரிய பழைய வயதுகளே காணப்படுகின்றன. மேலே செல்லச் செல்ல, ஓர் எல்லைக்குப் பிறகு, ஆசிய விளிம்பின் எரிமலைத் தொடருக்குரிய இளைய சிர்கான்கள் வந்து சேர்கின்றன. இந்தியாவின் வடக்கு விளிம்பிலிருந்த கடலடியில் ஆசியாவின் மணல் வந்து விழுந்தது என்றால், இரண்டு கண்டங்களுக்கும் இடையே இருந்த ஆழ்கடல் அதற்குள் மூடத் தொடங்கியிருக்க வேண்டும். அந்த மாற்றம் ஏறத்தாழ 6 கோடி ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது. இந்தியாவும் ஆசியாவும் முதன்முதலில் தொட்டுக்கொண்ட காலத்தைக் கணிக்கும் முக்கியமான சான்றுகளில் ஒன்று, இப்படிச் சில அடுக்குகளின் மணலில் கிடைத்திருக்கிறது.

கேள்வி: சிர்கானின் வயதுதானே அந்த மணற்கல்லின் வயது? இரண்டையும் ஏன் வேறு வேறாகச் சொல்கிறார்கள்?

பதில்: இல்லை. இந்தத் துறையில் மிக அதிகமாகக் காணப்படும் குழப்பம் இதுதான்; செய்திக் கட்டுரைகளிலும் இது அடிக்கடி தலைகாட்டுகிறது. சிர்கானின் வயது அந்தப் படிகம் உருவான காலத்தைக் காட்டுகிறது. மணல் படுகையில் வந்து சேர்ந்தது அதற்குப் பல கோடி ஆண்டுகள் கழித்தும் இருக்கலாம். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸ் பகுதியில் கிடைத்த ஒரு சிர்கானின் வயது ஏறத்தாழ 440 கோடி ஆண்டுகள் என்று 2001ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு காட்டியது. புவியின் வயதே ஏறத்தாழ 454 கோடி ஆண்டுகள்தான் என்னும்போது இது எவ்வளவு தொன்மையானது என்பது விளங்கும். ஆனால் அந்தத் துகள் புதைந்திருந்த கூழாங்கற் பாறை படிந்தது ஏறத்தாழ 300 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். இடைப்பட்ட 140 கோடி ஆண்டுகளில் அது பிறந்த பாறை அழிந்துவிட்டது. துகள் மட்டும் வேறொரு பாறைக்குள் குடியேறியது.

இருப்பினும், மணற்கல்லின் வயதுக்குச் சிர்கான் ஓர் எல்லை வகுத்துத் தருகிறது. ஒரு மணற்கல்லில் உள்ள மிக இளைய துகள்கள் 100 கோடி ஆண்டு வயதுடையவை என்றால், அந்தத் துகள்கள் பிறப்பதற்கு முன்னரே அந்த மணற்கல் படிந்திருக்க முடியாது. எனவே அதன் வயது 100 கோடி ஆண்டுகளோ அதற்குக் குறைவாகவோ இருக்க வேண்டும். இதைப் படிவின் உச்ச வயது என்கிறார்கள். ஒரே ஒரு இளைய துகளை நம்பி இந்த முடிவுக்கு வருவது ஆபத்தானது. ஈயம் கசிந்த துகள் தன் உண்மையான வயதைவிட இளையதாகத் தோன்றும் என்பதால், அளவீட்டுப் பிழைக்குள் ஒன்றோடொன்று ஒத்துப்போகும் மூன்று துகள்களாவது இருக்க வேண்டும் என்று பல ஆய்வாளர்கள் வற்புறுத்துகிறார்கள். அந்த எச்சரிக்கை முற்றிலும் நியாயமானது.

மறுபக்க எல்லை வேறு வழியில் கிடைக்கிறது. மத்திய இந்தியாவின் விந்தியப் படுகையில், பன்னா அருகே மஜ்காவான் என்ற இடத்தில், வைரம் தாங்கிய ஓர் எரிமலைக் குழாய் கைமூர் மணற்கல்லை ஊடுருவி எழுந்திருக்கிறது. அதன் வயது ஏறத்தாழ 107 கோடி ஆண்டுகள். ஊடுருவப்பட்ட பாறை, ஊடுருவிய பாறைக்கு முந்தியதாகத்தானே இருக்க வேண்டும்? ஆகவே கைமூர் மணற்கல் 107 கோடி ஆண்டுகளைவிடப் பழையது. அதற்கு மேலே படிந்த விந்திய மணற்கற்களில், 100 கோடி ஆண்டுகளைவிடக் குறிப்பிடத்தக்க அளவு இளைய சிர்கான்கள் காணப்படவில்லை என்று 2008இல் ஓர் ஆய்வு தெரிவித்தது. அந்தப் படுகையின் மேலடுக்குகள் முன்பு கருதப்பட்டதைவிட மிகப் பழையவை என்று அதன் ஆசிரியர்கள் வாதிட்டார்கள். வாதம் வலுவானதே. ஆனால் அதன் இரு பகுதிகளும் சம வலிமை உடையவை அல்ல என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். ஊடுருவல் தரும் எல்லை மாறாதது. இளைய துகள்கள் கிடைக்கவில்லை என்பதோ, இளைய கிரானைட் மலைகள் அந்த ஆறுகளின் பாதையில் இல்லாமல் போனதாலும் நேரலாம்.

கேள்வி: கடிகாரம் சரியாக ஓடியது என்பதை எப்படி நம்புவது? ஈயம் கசிந்துவிட்டால் கணக்கே தவறிவிடாதா?

பதில்: இந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்த விதம் எனக்கு எப்போதும் வியப்பைத் தருகிறது. சிர்கானுக்குள் ஒன்றல்ல, இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன. யுரேனியம்-238 சிதைந்து ஈயம்-206 ஆகிறது; அதன் அரை ஆயுட்காலம், அதாவது அணுக்களில் பாதி சிதைய ஆகும் காலம், ஏறத்தாழ 447 கோடி ஆண்டுகள். யுரேனியம்-235 சிதைந்து ஈயம்-207 ஆகிறது. அதன் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 70 கோடி ஆண்டுகள். இரண்டும் ஒரே படிகத்துக்குள், வெவ்வேறு வேகத்தில் ஓடுவதால், ஒன்று மற்றொன்றுக்குச் சாட்சியாகிறது.

எண்களைக் கொண்டே பார்க்கலாம். சரியாக 100 கோடி ஆண்டு வயதுடைய ஒரு சிர்கானில், எஞ்சியுள்ள ஒவ்வோர் ஆயிரம் யுரேனியம்-238 அணுக்களுக்கும் ஏறத்தாழ 168 ஈயம்-206 அணுக்கள் இருக்கும். எஞ்சியுள்ள ஒவ்வோர் ஆயிரம் யுரேனியம்-235 அணுக்களுக்கும் ஏறத்தாழ 1,677 ஈயம்-207 அணுக்கள் இருக்கும். இரண்டு விகிதங்களையும் தனித்தனியே கணக்கிட்டால் இரண்டும் 100 கோடி என்றே விடை தரும். இப்போது, அண்மைக் காலத்தில் அந்தப் படிகம் தன் ஈயத்தில் கால் பங்கை இழந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். முதல் கடிகாரம் ஏறத்தாழ 76 கோடி என்று காட்டும். இரண்டாவது ஏறத்தாழ 83 கோடி என்று காட்டும். இரண்டும் முரண்படுவதால் கசிவு வெளிப்பட்டுவிடுகிறது. அதோடு முடிவதில்லை. கசிவில் ஈயத்தின் இரண்டு வகைகளும் ஒரே விகிதத்தில்தான் வெளியேறும். ஆகையால் எஞ்சிய ஈயம்-207க்கும் ஈயம்-206க்கும் உள்ள விகிதம் மாறாமல் நிற்கிறது. அந்த விகிதத்தைக் கொண்டு 100 கோடி என்ற உண்மையான வயதையும் மீட்டுவிடலாம். கசிவு மிகப் பழங்காலத்தில் நடந்திருந்தால் மீட்பு இவ்வளவு எளிதல்ல. அப்போதும் கசிவு நடந்தது என்ற எச்சரிக்கையாவது பெரும்பாலும் கிடைத்துவிடும்.

இரண்டு கடிகாரங்களும் ஒத்துப்போகும் புள்ளிகளை இணைக்கும் வளைகோட்டுக்குக் கன்கார்டியா என்று பெயர். ஜார்ஜ் வெதரில் 1956இல் அதை அறிமுகப்படுத்தினார். பழம்படிவுகளின் துகள்களை ஆராய்பவர்கள், இரு வயதுகளும் 10 அல்லது 15 விழுக்காட்டுக்கு மேல் விலகினால் அந்தத் துகளைப் பொதுவாகக் கணக்கிலிருந்து விலக்கிவிடுகிறார்கள். மிக இளைய துகள்களில் இந்தச் சோதனை அவ்வளவு கூர்மையாக இருப்பதில்லை. ஈயம்-207 அவற்றில் மிகக் குறைவு என்பதே காரணம்.

கேள்வி: பாறையிலிருந்து சிர்கானை எடுத்து அளப்பது வரை ஆய்வகத்தில் என்ன நடக்கிறது என்று விளக்க முடியுமா?

பதில்: சில கிலோ மணற்கல்லை இயந்திரத்தில் உடைத்து, சலித்து, அதிரும் மேசையின் மேல் நீரோடு ஓடவிட்டுக் கனமான துகள்களைப் பிரிக்கிறார்கள். பிறகு கன சென்டிமீட்டருக்கு 3.3 கிராம் அடர்த்தியுள்ள மெத்திலீன் அயோடைடு போன்ற திரவத்தில் இடுகிறார்கள். குவார்ட்ஸின் அடர்த்தி 2.65 என்பதால் அது மிதக்கும். சிர்கானின் அடர்த்தி 4.6க்கு மேல் என்பதால் அது அடியில் தங்கும். அடியில் தங்கியவற்றிலிருந்து காந்தத்தால் ஈர்க்கப்படும் கனிமங்களையும் அகற்றிவிடுகிறார்கள். எஞ்சிய துகள்களை எப்பாக்ஸி வில்லையில் பதித்து, பாதி ஆழம் வரை மெருகேற்றினால், ஒவ்வொரு துகளின் உட்புறமும் வெளியே தெரியும்.

அடுத்த கட்டத்தைத்தான் நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். மெருகேற்றிய துகளின் மேல் எலெக்ட்ரான் கற்றையைச் செலுத்தினால் அது மங்கலாக ஒளிரும். அந்த ஒளியைப் படமெடுத்துப் பார்த்தால், ஒரு மில்லிமீட்டரில் ஆறில் ஒரு பங்கு நீளமே உள்ள ஒரு துகளின் நடுவில் உருண்டு தேய்ந்த ஒரு கரு தென்படலாம். படிகம் வளர்ந்தபோது பதிந்த அதன் வரிகள் திடீரென்று அறுபட்டு நிற்கும். அவற்றைச் சுற்றி, வரிகள் இல்லாத வெளிறிய விளிம்பு ஒன்று படர்ந்திருக்கும். கரு 250 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு குழம்பில் பிறந்து, ஆற்றில் உருண்டு, ஒரு படிவில் புதைந்து, 55 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்தப் படிவே உருமாறியபோது அதன் மேல் புதிய விளிம்பு வளர்ந்தது என்று இத்தகைய துகளில் படிக்க முடியும். லேசர் கற்றையைக் கருவுக்கும் விளிம்புக்கும் நடுவே எல்லையில் செலுத்திவிட்டால், இரண்டும் கலந்து, எந்த நிகழ்வையும் குறிக்காத ஒரு வயது கிடைக்கும். படமெடுக்காமல் அளக்கிற ஆய்வை நான் நம்பத் தயங்குவேன்.

லேசர் பொதுவாக 20 முதல் 35 மைக்ரான் அகலமுள்ள சிறு குழியை உண்டாக்குகிறது. அதிலிருந்து கிளம்பும் நுண்தூளை, அணுக்களை நிறைப்படி பிரிக்கும் நிறைமானிக்குள் வாயுவோடு செலுத்தி, யுரேனிய, ஈய ஐசோடோப்புகளை (ஒரே தனிமத்தின் நிறை வேறுபட்ட அணுவகைகளை) எண்ணுகிறார்கள். ஒரு துகளுக்கு ஒரு நிமிடம் அளவில் போதும். இடையிடையே, வயது ஏற்கெனவே துல்லியமாக அறியப்பட்ட சிர்கானையும் அளந்து கருவியைச் சரிபார்க்கிறார்கள். செக் நாட்டின் பிளெஷோவிட்சே சிர்கான் இவற்றுள் ஒன்று, அதன் வயது 33.7 கோடி ஆண்டுகள். லேசர் முறையில் வயதின் பிழை 1 முதல் 2 விழுக்காடு வரை இருக்கும். துகளை அமிலத்தில் கரைத்து அளக்கும் முறையில் பிழை 0.1 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிடும் என்றாலும், உழைப்பும் நேரமும் பன்மடங்கு ஆகும். ஆகவே, நூற்றுக்கணக்கான துகள்களை லேசரால் அளந்துவிட்டு, மிக இளையவற்றை மட்டும் கரைத்து அளப்பது நல்ல நடைமுறை.

கேள்வி: எத்தனை துகள்களை அளந்தால் போதும்?

பதில்: மணலில் 5 விழுக்காடு பங்குள்ள ஒரு வயதுத் தொகுதி இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், 60 துகள்களை அளக்கும்போது அது முற்றிலும் கண்ணில் படாமல் போகும் வாய்ப்பு 5 விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவு. நீண்ட காலம் இந்த 60 என்ற எண்ணே வழக்கில் இருந்தது. ஆனால் 5 விழுக்காடு பங்குள்ள எந்தத் தொகுதியுமே தவறிவிடக் கூடாது என்று 95 விழுக்காடு உறுதி வேண்டுமானால், மிக மோசமான நிலையில் 117 துகள்கள் தேவை என்று பீட்டர் வெர்மீஷ் 2004இல் காட்டினார். ஒரு தொகுதி இருக்கிறதா என்று அறிய இது போதும். அது எத்தனை விழுக்காடு என்று நம்பகமாகச் சொல்ல நூற்றுக்கணக்கில் வேண்டும். துகள்களைக் கண்ணுக்கு அழகாக, தெளிவாக இருப்பவையாகத் தேர்ந்தெடுப்பதும் கூடாது. யுரேனியம் மிகுந்த பழைய சிர்கான்கள் கதிர்வீச்சால் சிதைந்து கலங்கிப்போயிருக்கும். தெளிவானவற்றை மட்டும் பொறுக்கினால் அவை கணக்கிலேயே வராது.

கேள்வி: இரண்டு மலைகளில் ஒரே வயதுடைய கிரானைட் இருந்தால் என்ன செய்வார்கள்? பழைய மணற்கல்லே மறுபடி தேய்ந்து புதிய மணலாக வந்தாலும் இந்த முறை ஏமாந்துவிடாதா?

பதில்: ஏமாறும். சிர்கானின் உறுதிதான் இந்த முறைக்கு வலிமை. அதே உறுதிதான் இதன் பெரிய இடர்ப்பாடும்கூட. ஒருமுறை பிறந்த சிர்கான் ஒரு படுகையிலிருந்து இன்னொரு படுகைக்கு, அங்கிருந்து வேறொன்றுக்கு என்று பலமுறை பயணப்பட்டாலும் தன் முதல் பிறப்பை மட்டுமே சொல்லும். கடைசியாக எந்த மலையிலிருந்து புறப்பட்டது என்று சொல்லாது. மணலைக் கொடுத்த மலை எல்லாவற்றுக்கும் அதில் சமமான குரல் இருப்பதும் இல்லை. கிரானைட்டில் சிர்கான் நிறைய உண்டு, பசால்ட்டில் மிகக் குறைவு. பாதி மணலைக் கொடுத்த ஒரு பசால்ட் நிலப்பரப்பு, சிர்கான் வரைபடத்தில் இருந்த இடமே தெரியாமல் போய்விடலாம். சிர்கான் வரைபடம் ஒன்றை மட்டும் வைத்து ஆற்றின் பாதையையே வரைந்துவிடும் கட்டுரைகளைப் படிக்கும்போது எனக்குக் கவலை உண்டாவது இதனால்தான்.

வழி, ஒரே துகளிடம் இன்னொரு கேள்வியும் கேட்பது. யுரேனியம் சிதையும்போது ஹீலியமும் உண்டாகிறது. ஏறத்தாழ 180 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெப்பம் இருக்கும் வரை சிர்கானில் ஹீலியம் தங்காது. பாறை மேலெழுந்து குளிர்ந்த பிறகே சேரத் தொடங்கும். ஆகவே ஈயம் பிறந்த காலத்தைச் சொல்கிறது. ஹீலியம் மலை எழுந்து தேய்ந்த காலத்தைச் சொல்கிறது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள நவாஹோ மணற்கல்லில் இதைச் செய்து பார்த்தார்கள். ஜுராசிக் காலத்துப் பாலைவன மணற்குன்றுகள் இறுகிய பாறை அது. அதில் 95 முதல் 120 கோடி ஆண்டுகளுக்கு முன் பிறந்த சிர்கான்கள் நிறைய இருந்தன. அந்த வயதுடைய பாறைகள் வட அமெரிக்காவில் பல இடங்களில் உண்டு. ஆனால் அதே துகள்களின் ஹீலிய வயதுகள் 22 முதல் 50 கோடி ஆண்டுகளுக்குள் அமைந்தன. பழைய பாறையாகப் பிறந்து, அந்தக் காலகட்டத்தில் மலையாக எழுந்து குளிர்ந்த இடம் என்று தேடினால், கண்டத்தின் மறுகோடியிலுள்ள அப்பலாச்சியன் மலைத்தொடர்தான் பொருந்துகிறது. கண்டத்தின் குறுக்கே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடிய ஆறுகள் அந்த மணலை மேற்கே கொண்டுவந்து சேர்த்தன, காற்று அதைக் குன்றுகளாகக் குவித்தது என்பது 2003இல் வெளியான ஆய்வுகளின் முடிவு.

சிர்கானுக்குள் இருக்கும் ஹாஃப்னியம் ஐசோடோப்புகளும் கைகொடுக்கும். ஒரே வயதுடைய இரண்டு கிரானைட்டுகளில் ஒன்று மேலோட்டுக்குக் கீழேயுள்ள புவியின் மூடகத்திலிருந்து புதிதாக வந்த குழம்பாகவும், மற்றொன்று பழைய கண்ட மேலோடு மறுபடி உருகியதாகவும் இருந்தால், ஹாஃப்னியம் அவற்றைப் பிரித்துக் காட்டிவிடும்.

கேள்வி: மைக்கா போன்ற மென்மையான கனிமங்களால் இதில் ஏதேனும் பயன் உண்டா?

பதில்: உண்டு, அவற்றின் மென்மையாலேயே உண்டு. மைக்கா பலமுறை மறுபயணம் தாங்காது என்பதால், மணலில் அது இருந்தால் பெரும்பாலும் மலையிலிருந்து நேரே வந்தது என்று கொள்ளலாம். வடமேற்கு இந்தியாவின் கக்கர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் புதைந்துள்ள மணலை ஆராய்ந்தவர்கள் சிர்கானையும் மைக்காவையும் சேர்த்தே அளந்தார்கள். சிர்கானுக்கு யுரேனியம்-ஈய முறை, மைக்காவுக்குப் பொட்டாசியம் சிதைந்து உண்டாகும் ஆர்கானை அளக்கும் முறை, மணல் எப்போது வெளிச்சத்தை இழந்து புதைந்தது என்பதற்கு ஒளிர்வு முறை என்று மூன்றும் அங்கே கைகோத்தன. சட்லெஜ் ஆறு ஒருகாலத்தில் அந்தப் பள்ளத்தாக்கின் வழியே ஓடியது, ஏறத்தாழ 15,000 ஆண்டுகளுக்கு முன்புக்குப் பிறகு விலகத் தொடங்கி, 8,000 ஆண்டுகளுக்கு முன் அளவில் இப்போதைய பாதைக்கு முழுமையாக மாறிவிட்டது என்று 2017இல் அந்த ஆய்வு முடிவுரைத்தது. அதாவது, அந்தப் பள்ளத்தாக்கில் சிந்துவெளி நகரங்கள் எழுவதற்கு நெடுங்காலம் முன்பே பேராறு அங்கிருந்து போய்விட்டிருந்தது.

கேள்வி: நான் புவியியல் முதுகலை மாணவி. ஆய்வேட்டுக்கு இந்த முறையைப் பயன்படுத்த எண்ணியிருக்கிறேன். எதிலிருந்து தொடங்குவது?

பதில்: களத்திலிருந்து தொடங்குங்கள். மணற்கல்லின் குறுக்குப் படுகைகளின், அதாவது நீரோட்டம் சாய்வாகப் படியவைத்த மெல்லிய மணலடுக்குகளின், சாய்வுகளை அளந்து, பழைய நீரோட்டம் எந்தத் திசையில் சென்றது என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள். சிர்கான் சொல்லும் மூலம் நீரோட்டத்துக்கு எதிர்த்திசையில் இல்லாவிட்டால் எங்கோ பிழை இருக்கிறது. ஒரே அடுக்கிலிருந்து ஒரு மாதிரி எடுப்பதைவிட, அடியிலிருந்து உச்சிவரை சில மாதிரிகளை, கூடியவரை ஒத்த துகளளவுள்ள நடுத்தர மணற்கற்களிலிருந்து எடுப்பது நல்லது. துகளளவு மாறினால் வயதுத் தொகுதிகளின் பங்கும் மாறிவிடலாம். மெல்லிய சீவல்களை நுண்ணோக்கியில் பார்த்து, பாறைத் துண்டுகளையும் ஃபெல்ட்ஸ்பாரையும் எண்ணிவிடுங்கள். சிர்கானில் தென்படாத பசால்ட் மூலம் அங்கே தென்பட வாய்ப்புண்டு. இடையில் எரிமலைச் சாம்பல் அடுக்கு ஏதேனும் இருந்தால் அதை விட்டுவிடாதீர்கள். சாம்பலோடு பிறந்த சிர்கான், படிவு நிகழ்ந்த காலத்தையே ஏறக்குறைய நேரடியாகத் தரும். மற்றெல்லாத் துகள்களின் வயதுகளையும் அதனோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கலாம்.